எழுதியவர்: நிலோஜினி

இந்தச் சுருள் உங்கள் தோளில் இடிக்கிறதா அக்கா? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே வைத்தால் யாராவது மூட்டையைத் தூக்கி அதன்மேல் போட்டுவிடுவார்கள், நசுங்கிவிடும். வெறும் சார்ட் பேப்பர்தான். இல்லை, டீச்சர் இல்லை. படிக்கிறேன். எம்.ஏ. அரசியல் அறிவியல், இரண்டாம் வருடம். எங்கள் பல்கலைக்கழக மாணவர் பேரவையின் துணைத் தலைவரும் நான்தான். போன மாதம் ஜெயித்தேன். போட்டியில்லாமல்.

முகாம் நிறுத்தம் வர எவ்வளவு நேரமாகும்? முக்கால் மணியா. நீங்கள் அதையும் தாண்டிப் போகிறவரா, நல்லது. வந்ததும் சொல்லுங்கள், எனக்கு இந்தப் பக்கம் புதிது.

முகாமில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறேன். நிலோஜினி என்று பெயர். இலங்கையிலிருந்து வந்தவர்களுடைய முகாம்தான், தெரியுமே உங்களுக்கு. அவள் இங்கேதான் பிறந்தாள். பிறந்து இருபத்திரண்டு வருடமாகிறது, இன்னும் முகாம்தான், இன்னும் அகதிதான். என்ன அநியாயம் இது? இதைப் பற்றி நான் எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன் தெரியுமா? என் பெயரே ஈழமதி. அப்பா வைத்த பெயர். நான் பிறந்தபோது அவர் கிடா மீசை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தாராம். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவளைப் பார்த்து, முகாம் பெண்ணின் படிப்பைக் கெடுத்தவள் என்கிறார்கள். சொல்லுங்கள், இது அடுக்குமா?

நான் ஒரு கேள்வி கேட்டேன். அவ்வளவுதான். கேள்வி கேட்பது தப்பா?

முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்கு நியாயம் விளங்கும்.

எங்கள் பேரவைத் தேர்தலில் தலைவரும் துணைத் தலைவரும் ஜோடியாகத்தான் நிற்க வேண்டும். ஒரே சீட்டில் இரண்டு பெயர், ஒரே ஓட்டு. ஜோடியில் ஒருவர் விலகினால் இன்னொருவரும் போக வேண்டியதுதான். விதி பதினான்கு. எங்கள் அணியில் தலைவருக்குப் பூபதி அண்ணன், சமூகவியலில் பிஎச்.டி. செய்கிறவர். துணைக்கு நான். எதிரணியில் தலைவருக்கு ஷெரின் என்று ஒரு பெண், இயற்பியல், மார்த்தாண்டத்துக்காரி, த்ரோபால் கேப்டன். அவளுக்கு அரசியல் என்றால் என்னவென்றே தெரியாது. பஸ் நேரம், மெஸ் சாம்பார், துணி காயப்போடக் கொடி, இதுதான் அவளுடைய கொள்கை. நாங்கள் கல்விக் கொள்கை பேசுகிறோம், சமூக நீதி பேசுகிறோம். அவள் கொடி பேசுகிறாள். துணைக்கு யாரைப் போடுவாள் என்று நாங்கள் கவலைப்படவே இல்லை. விளையாட்டு கோஷ்டியில் இன்னொருத்தியைப் போடுவாள் என்று நினைத்தோம்.

போட்டது யாரை? எங்கள் நிலோவை.

'எங்கள்' என்றுதான் சொல்வேன். ஏனென்றால், எங்கள் பல்கலைக்கழகத்தில் அச்சடித்த போஸ்டர் ஒட்டக் கூடாது. கையால் எழுதினதுதான் ஒட்டலாம். பணக்காரப் பிள்ளைகள் பணத்தைக் கொட்டக் கூடாது என்று வைத்த விதி, நல்ல விதி. அதனால் அங்கே தேர்தல் என்றால் கையெழுத்துதான் எல்லாம். வளாகத்திலேயே நல்ல கையெழுத்து நிலோவுடையது. அச்சு தோற்கும். முகாமில் சின்ன வயதிலிருந்து எல்லாருக்கும் அவள்தான் மனு எழுதுவாளாம். கூரை ஒழுகுகிறது என்று ஒரு மனு, கல்யாணத்துக்கு வெளியூர் போக அனுமதி வேண்டும் என்று ஒரு மனு. அப்படி எழுதி எழுதிப் பழகின கை. இரண்டு வருடமாக எங்கள் அணியின் எல்லாப் போஸ்டரையும் எழுதினது அவள்தான். தரையில் சார்ட்டை விரித்து, முட்டி போட்டுக்கொண்டு, மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். நாங்கள் வாசகம் சொல்வோம், அவள் எழுதுவாள். மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களும் அவளைச் சும்மா விட்டதில்லை, டீ வாங்கிக் கொடுப்போம், பன் வாங்கிக் கொடுப்போம்.

மே மாதம் நாங்கள் நடத்துகிற நினைவேந்தலுக்கும் அவள்தான் எழுதிக் கொடுத்தாள். ஆனால் கூட்டத்துக்கு மட்டும் வர மாட்டாள். நான் ஒருதடவை கோபமாகவே கேட்டுவிட்டேன். "உன் ஜனங்களுக்காக நாங்க மெழுகுவத்தி புடிச்சிட்டு நிக்கிறோம், நீ ரூம்ல உக்காந்து லேப் ரெக்கார்டு எழுதுற. உனக்கே வெக்கமா இல்லயா நிலோ?" என்றேன். "வந்தா போட்டோ எடுப்பாங்க மதி. போட்டோ வந்தா முகாம்ல அப்பாவ வந்து கேப்பாங்க," என்றாள். இப்படி எல்லாரும் பயந்தால் போராட்டம் எப்படி வளரும்? நான் அவளுக்கு அரைமணி நேரம் விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். மறுநாள் இன்னும் இரண்டு போஸ்டர் எழுதிக் கொடுத்தாள்.

அவளைத்தான் ஷெரின் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அறிவிப்புப் பலகையில் பெயரைப் பார்த்ததும் நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். அன்று பதினொரு மணிக்கே நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற கேன்டீனில் கூடினோம். ஒருவன், "வெலைக்கு வாங்கிட்டாங்கன்னு போடுவோம்," என்றான். இன்னொருத்தி, "அது யாரு நிலோஜினின்னு தெரியாத மாதிரியே இருப்போம்," என்றாள். பூபதி அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே, "வாழ்த்துச் சொல்லிட்டு நம்ம வேலையப் பாப்போம். அந்தப் பொண்ணு நமக்கு எழுதிக் குடுத்த பொண்ணு," என்றார். அவர் எப்போதும் இப்படித்தான், வெந்நீரிலும் சூடு தெரியாது அவருக்கு.

நான்தான் தெளிவாகச் சொன்னேன். "அவளத் தாக்கக் கூடாது. அவளத் தேர்ந்தெடுத்ததத் தாக்கணும்." புரிகிறதா அக்கா வித்தியாசம்? அவள் பாவம். ஆனால் ஷெரின் அவளை ஏன் எடுத்தாள்? அனுதாபத்துக்கு. முகாம் பெண் என்றால் எல்லாரும் உருகுவார்கள், எங்கள் வாயையும் அடைத்துவிடலாம். ஒரு துன்பத்தை ஓட்டாக மாற்றுகிற வியாபாரம் இது. இதை அன்று மதியமே ஒவ்வொரு விடுதி அறையாகப் போய்ச் சொன்னேன். பலபேருக்கு அவள் முகாமிலிருந்து வருகிறவள் என்பதே நான் சொல்லித்தான் தெரியும். அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. எங்களோடு பேசும்போது நம்மைப் போலவேதான் பேசுவாள், அம்மாவுக்குப் போன் போட்டால்தான் பேச்சு மாறும்.

ஷெரினிடமே நேரில் கேட்டேன், ஏன் நிலோ என்று. அவள் சொன்ன பதிலைக் கேளுங்கள். "ஒனக்கு என்ன மாத்தணும்னு கேட்டேன். சொன்னா. நல்லாருந்துச்சு. நிக்கியான்னு கேட்டேன்." என்ன சொன்னாளாம்? முகாமில் ஆள் கணக்கெடுக்கிற நாளில் அவள் அங்கே போய் நின்றாக வேண்டும். அன்று உள்தேர்வு இருந்தால் மார்க் போய்விடும். அப்படிப்பட்டவர்களுக்கு மறுதேர்வு வைக்க வேண்டும். இதுதான். ஒரு தனி ஆளின் பிரச்சினை. இதில் அமைப்பு மாற்றம் எங்கே இருக்கிறது? இதை எங்களிடம் சொல்லியிருந்தால் நாங்கள் இதை ஒரு பெரிய கோட்பாட்டோடு சேர்த்து வைத்திருப்போம். இரண்டு வருடம் எங்கள் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாளே, ஒருநாளாவது வாயைத் திறந்தாளா?

இல்லை, நாங்கள் கேட்கவில்லை. கேட்டால்தான் சொல்ல வேண்டுமா?

சரி, அதை விடுங்கள். போஸ்டர் விஷயத்தைச் சொல்லவில்லையே. வளாகம் முழுக்க எங்கள் போஸ்டர் அறுபத்து நான்கு ஒட்டியிருந்தது. அறுபத்து நான்கும் அவள் கையெழுத்து. கிழித்தால் எங்களுக்குப் போஸ்டரே இல்லை. விட்டால் எதிரணித் துணைத் தலைவர் எழுதின போஸ்டரில் நாங்கள் ஓட்டுக் கேட்கிறோம். இப்படி ஒரு இக்கட்டு எந்தக் கட்சிக்காவது வந்திருக்குமா? நாங்கள் இந்தப் பக்கம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஷெரினின் குரங்குக் கூட்டம் வேலையைக் காட்டிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால், எங்கள் ஒவ்வொரு போஸ்டருக்கும் கீழே விரல் நீளத்துக்கு ஒரு சீட்டு. 'எழுதியவர்: நிலோஜினி.' அவ்வளவுதான். எங்கள் போஸ்டரை அவர்கள் தொடவில்லை, கிழிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. கீழே சீட்டு. கல்விக் கொள்கையை எதிர்ப்போம், எழுதியவர் நிலோஜினி. ஈழமதிக்கு வாக்களிப்பீர், எழுதியவர் நிலோஜினி. பையன்கள் போஸ்டர் போஸ்டராகப் போய்ப் படித்துச் சிரிக்கிறார்கள்.

நான் அறுபத்து நான்கையும் கிழித்தேன். நானே உட்கார்ந்து புதிதாக எழுதினேன். என் கையெழுத்து கொஞ்சம் சுமார்தான். "டாக்டர் சீட்டு மாதிரி இருக்கு, மருந்து எந்தக் கடையில கெடைக்கும்?" என்று ஒருத்தன் கேட்டான். சிரித்துக்கொண்டேதான் போனேன். உள்ளுக்குள் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் நேரடி விவாதம். இதை நான் மலை போல நம்பியிருந்தேன் அக்கா. பள்ளிக்கூடத்திலிருந்து பேச்சுப் போட்டியில் நான் இரண்டாம் பரிசு வாங்கினதில்லை. அவளோ நான்கு பேருக்கு நடுவில் தண்ணீர் கேட்கவே கூசுகிறவள். கலையரங்கம் நிறைந்து, படிக்கட்டில் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். நான் பதினைந்து நிமிடம் பேசினேன். பிறகு அவளிடம் கேட்டேன், மரியாதையாகத்தான் கேட்டேன்: "தோழர் நிலோஜினி தன்னை எதனுடைய பிரதிநிதியாகக் கருதுகிறார்? ஒரு வரலாற்றின் பிரதிநிதியாகவா, அல்லது ஒரு தேர்தல் உத்தியின் கருவியாகவா?"

அவள் மைக்கைச் சரிசெய்யக்கூட இல்லை. "ஹாஸ்டல் மூணாவது மாடியில தண்ணி வராதவங்களோட பிரதிநிதி," என்றாள். சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆனது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "போன வருஷம் அவங்க போஸ்டரையும் நான்தான் எழுதினேன். அதுல பத்து வாக்குறுதி. இந்த வருஷமும் பத்து. எட்டு அதே வரிதான். எழுதும்போது பாக்காமலே கை தானாப் போச்சு." உட்கார்ந்துவிட்டாள்.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். எங்கள் ஆட்களில் இரண்டு பேர் கைதட்டினதை நானே பார்த்தேன்.

மூன்றரை மணிக்கு விவாதம் முடிந்தது. வேட்பாளர்கள் மேல் ஆட்சேபம் தெரிவிக்க அன்று ஐந்து மணி வரை நேரம் இருந்தது. நான் அந்த மனுவை எழுதினதற்கும் விவாதத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கேள்வி என் மனதில் முன்பிருந்தே இருந்தது. ஒரே பக்கம், ஒரே கேள்வி: இந்தியக் குடியுரிமை இல்லாத ஒருவர் பேரவைத் தேர்தலில் நிற்க விதியில் இடமுண்டா? தகுதியில்லை என்று நான் எழுதவில்லை. நீக்குங்கள் என்று எழுதவில்லை. இடமுண்டா என்றுதான் கேட்டேன். விதிப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்குத் தெரியும், நான் அதை மூன்று தடவை படித்தவள். இல்லாததால்தானே கேட்டேன்? இருந்தால் ஏன் கேட்கப்போகிறேன்?

பூபதி அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இது வேணாம் மதி," என்றார்.

"கேள்விதானேண்ணே."

"இந்தக் கேள்வி எங்க போயி நிக்கும்னு தெரியாது."

"அப்ப தோத்துடலாமா?"

அவர் கையெழுத்துப் போடவில்லை. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீக்குக் காசு கொடுக்கப் போனார். வேண்டாம் என்று உறுதியாக நினைக்கிறவர் கிழித்துப் போட்டிருக்கலாமே? நாலே முக்காலுக்கு நான் ஒருத்தியே போய்க் கொடுத்தேன். இப்போது அவர் பேரவைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "நீ எழுதின மனு, நீயே பாத்துக்க," என்கிறார்.

தேர்தல் அதிகாரி கணக்கு வாத்தியார். அவர் அப்போதே விதியில் தடை இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். பயந்துபோய் மேலே அனுப்பினார். மேலே இருந்தவர் இன்னும் மேலே அனுப்பினார். எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போனது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்கு நாள் கழித்து இரண்டு போலீஸ்காரர்கள் முகாமுக்குப் போயிருக்கிறார்கள். நிலோவின் அப்பா பெயின்ட் அடிக்கிறவர். அவரை வேலையிலிருந்து வரவழைத்து உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்கள்: உன் மகள் எந்த இயக்கத்தில் இருக்கிறாள், என்ன எலெக்‌ஷன் அது, யார் பின்னால் இருக்கிறார்கள். மறுநாளும் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாளும். அடிக்கவெல்லாம் இல்லை, கேட்டார்கள் அவ்வளவுதான். உட்காரவைத்துக் கேட்டார்கள்.

ஆமாம் அக்கா, அவர்களும் கேள்விதான் கேட்டார்கள். நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் அதுவும் இதுவும் ஒன்றா?

அதற்கடுத்த நாள் காலை அவர் விடுதி வாசலுக்கு வந்துவிட்டார், மகளைக் கூட்டிக்கொண்டு போக. நான் வகுப்புக்குக் கிளம்பினவள் வாசலில் அவரைப் பார்த்தேன். விரல் இடுக்கில் எல்லாம் பச்சைப் பெயின்ட். வாட்ச்மேன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அவர் திரும்பினார். "நீங்கள்தானோ ஈழமதி? பிள்ளை சொல்லியிருக்கிறாள். நல்ல பேர் அம்மா. எங்கட ஆள் ஒண்டு அங்க இருக்கு, நீங்கள் பயப்பிடாதேங்கோ எண்டு தாய்க்குச் சொல்லுறவள்," என்றார். கையெடுத்துக் கும்பிட்டார். என்னைவிட முப்பது வயது பெரியவர். பாருங்கள், அவருக்கு என்மேல் ஒரு வருத்தமும் இல்லை. இதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன், யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

நிலோ இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். விலகல் கடிதத்தை முதல்நாளே கொடுத்துவிட்டாள் போல. நான் போய்ப் பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்தேன். அவள் தடுக்கவில்லை. வாசல் வரை இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு வந்தோம். அங்கே வைத்துச் சொன்னேன்: "நான் ஒரு கேள்விதான் கேட்டேன் நிலோ. கேக்கறது தப்பா?"

அவள் என்னோடு முதல்தடவையாக வீட்டுப் பேச்சில் பேசினாள். "கேட்டது பிழையில்ல மதி. என்னட்டக் கேட்டிருக்கலாம். நானே சொல்லியிருப்பன். ஒரு மனு எங்கெங்க போகும் எண்டு என்னை விட ஆருக்குத் தெரியும்?" கத்தவில்லை, அழவில்லை. அப்பாவுக்குக் கேட்காத மாதிரி மெல்லச் சொன்னாள். அப்புறம் அவரிடம் போய், "இவதான் அப்பா மதி," என்று என்னை அறிமுகம் வேறு செய்துவைத்தாள்.

விதி பதினான்கின்படி ஷெரினும் போட்டியில் இல்லை என்று ஆனது. நாங்கள் ஜெயித்தோம். மாலை எல்லாம் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவருக்கு நடந்தது முழுக்க யாரோ முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள். "மனுவுல உன் பேரப் போட்டியா?" என்று கேட்டார். "போட்டேன்ப்பா. மொட்டைக் கடுதாசியா போடச் சொல்றீங்க?" என்றேன். "முழுப் பேரா?" என்றார். ஆமாம் என்றேன். அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து நான் பேசினால் அம்மாதான் எடுக்கிறாள். அவருக்கு என்ன கோபமென்று எனக்கு விளங்கவே இல்லை. விவாதம் பண்ணலாம் வாருங்கள் என்றால் வருவதும் இல்லை. அவர்தானே எனக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தவர்?

சரியாகத் தூங்கி ஐந்து வாரமாகிறது. அதனால்தான் இப்படிப் பேசிக்கொண்டே வருகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏனென்றால் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஷெரின் கூட்டம்தான். ஊர்வலம் போயிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். துண்டறிக்கை போட்டிருந்தால் வரிக்கு வரி மறுத்திருப்பேன். அதெல்லாம் செய்யவில்லை. எங்கள் அறுபத்து நான்கு போஸ்டர் இருந்த அதே இடத்தில் அறுபத்து நான்கு வெள்ளைச் சார்ட் ஒட்டினார்கள். ஒரு எழுத்து கிடையாது. கீழே அந்தச் சீட்டு மட்டும். 'எழுதியவர்: நிலோஜினி.' வெள்ளைத் தாளோடு எப்படி அக்கா விவாதம் பண்ணுவது? நான் கிழிப்பேன், மறுநாள் திரும்ப இருக்கும். பேரவை அலுவலகக் கதவில், மெஸ்ஸில், என் வகுப்புக்கு எதிரில். சாப்பிடும்போது நிமிர்ந்தால் எதிரே வெள்ளைத் தாள். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் இப்போது தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போகிறார்கள். துணைவேந்தர் ஒரு விசாரணைக் குழு வேறு போட்டுவிட்டார், திங்கள்கிழமை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நிலோ போனை எடுப்பதே இல்லை. பதினொரு தடவை போட்டேன். இன்னும் பத்து நாள் வகுப்புக்கு வராவிட்டால் வருகைப் பதிவு குறைந்து தேர்வு எழுத முடியாது, ஒரு வருடம் போய்விடும். அப்புறம் அவளை யார் திரும்ப அனுப்பப் போகிறார்கள்? வேதியியலில் அவள்தான் முதல் மார்க். அதனால்தான் நானே கிளம்பினேன். யாரும் அனுப்பவில்லை.

இதோ பாருங்கள், வருகைக் குறைவை மன்னிக்கச் சொல்லி டீனுக்குக் கொடுக்கிற படிவம். நானே அலைந்து வாங்கினேன். துணைத் தலைவர் பரிந்துரைத்தால் மதிப்பு உண்டு. நான் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறேன். அதற்கு முன்னால் அவள் ஒன்றே ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்று வாசகத்தை நானே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். படிக்கிறேன், கேளுங்கள். 'என் சொந்தக் காரணங்களால் போட்டியிலிருந்து விலகினேன். இதில் யாருடைய வற்புறுத்தலும் இல்லை. தோழர் ஈழமதி எப்போதும் எங்கள் மக்களின் பக்கம் நிற்பவர்.' கடைசி வரி கொஞ்சம் அதிகமோ? ஆனால் உண்மைதானே.

நிபந்தனையா? என்ன அக்கா இப்படிக் கேட்கிறீர்கள். நிபந்தனை இல்லை. வரிசைதான். முதலில் இது, பிறகு அது. திங்கள்கிழமைக்குப் பிறகு நான் பதவியில் இருந்தால்தானே பரிந்துரைக்க முடியும்?

டைப் அடித்துக்கொண்டு போய்க் கையெழுத்து மட்டும் வாங்கலாம்தான். நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் டைப் அடித்ததை எவன் நம்புவான்? அவள் கையால் எழுதினால் வளாகத்தில் ஒருத்தரும் மறுக்க முடியாது, அந்தக் கையெழுத்து எல்லாருக்கும் தெரியும். அதற்குத்தான் சார்ட். பெரிதாக எழுதி, அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டிவிடலாம். மார்க்கரும் கொண்டு வந்திருக்கிறேன், தடித்த முனையில் ஒன்று, மெல்லிய முனையில் ஒன்று. அவளுக்குப் பிடித்த நிறம் எதுவென்று தெரியவில்லை, அதனால் கறுப்பு.

எழுத மாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வேனா?

அப்படிச் சொன்னதே இல்லை அக்கா அவள். இரண்டு வருடத்தில் ஒருதடவைகூட.

வந்துவிட்டதா? அந்தக் கம்பி வேலிதானா? ஒரு நிமிடம், பையை எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சுருளைக் கொஞ்சம் பிடியுங்கள். ரப்பர் கழன்றுவிட்டது, விரிந்துகொள்கிறது, பரவாயில்லை. புதுச் சார்ட் இல்லை, என் வகுப்புக்கு எதிரில் ஒட்டியிருந்தார்களே, அதில் ஒன்று. கிழியாமல் உரித்து எடுத்தேன், சுத்தமான வெள்ளைத் தாள், வீணாக்குவானேன் என்று. அந்தச் சீட்டைப் பார்க்கிறீர்களா, அதைப் பிய்க்காதீர்கள். அது அப்படியே இருக்கட்டும். கீழே பெயர் ஏற்கெனவே இருக்கிறது. மேலே எழுதினால் போதும்.